இலக்கணப் புத்தகமா, மாதிரி விடையா, சார்ட்டா: ஆங்கிலம் பழக எதில் தொடங்கலாம்?

ஒரு நூலகத்துக்கு வந்தவர்களின் கணக்கு ஒரு சார்ட்டில், அதாவது எண்களைக் காட்டும் வரைபடத்தில், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் நாளொன்றுக்கு 200 பேர், 2015-ல் 300 பேர், 2020-ல் 150 பேர். தமிழில் கேட்டால், 'முதலில் கூடியது, அப்புறம் பாதியாகக் குறைந்துவிட்டது' என்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். அதே சார்ட்டை ஆங்கிலத்தில் விவரித்து எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சந்தேகங்கள் வரிசை கட்டி நிற்கும். உயர்ந்தது என்பதற்கு 'ரோஸ்' போடுவதா, 'ஹேஸ் ரிசன்' போடுவதா? 'பை 100' என்பதா, 'டு 300' என்பதா? 'நம்பர்' என்ற சொல்லுக்கு முன்னால் 'த' வருமா, 'ஏ' வருமா? வந்தவர்கள் பலர் ஆயிற்றே, 'வாஸ்' சரியா, 'வேர்' சரியா?

எல்லாமே இலக்கணச் சந்தேகங்கள். அதனால் பலரும், 'முதலில் இலக்கணத்தை முடித்துவிடுகிறேன், சார்ட் அப்புறம்' என்று முடிவெடுக்கிறார்கள். வேறு சிலர் மாதிரி விடைகளைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டையும் விட்டுவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நேராக எழுதத் தொடங்குபவர்கள் குறைவு. என் சாய்வு இந்தக் கடைசி வழியின் பக்கம்தான். ஆனால் அது எல்லோருக்கும், எல்லா நேரத்திலும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

தேர்வுக்காகப் படிப்பவர்களுக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடலாம். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கின் எழுத்துப் பகுதி மொத்தம் 60 நிமிடம். அதில் முதல் கேள்வி ஒரு சார்ட்டையோ அட்டவணையையோ படத்தையோ விவரிக்கச் சொல்லும். குறைந்தது 150 சொற்கள். சுமார் 20 நிமிடம் அதற்குப் போதும் என்பது தேர்வு நடத்துபவர்கள் தரும் ஆலோசனை. இரண்டாவது கேள்வியான கட்டுரைக்கு இதைவிட இருமடங்கு எடை உண்டு. சார்ட் கேள்வியை நான்கு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதைச் சொன்னீர்களா, சொன்னது கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. ஆக, இலக்கணம் கால் பங்கு. அந்தக் கால் பங்குக்காக மாதக்கணக்கில் இலக்கணத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தால், மற்ற முக்கால் பங்கைத் தேர்வறையில்தான் முதன்முதலாகச் சந்திக்க நேரும்.

இலக்கணப் புத்தக வழி

இதன் பெரிய பலம் ஒழுங்கு. எது முதலில், எது அடுத்து என்று யாரோ யோசித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். செய்த தப்புக்கு ஒரு பெயரும் கிடைக்கிறது. 'ஏதோ சரியில்லை' என்ற மங்கலான உணர்வு, 'இங்கே காலம் தப்பு' என்று தெளிவாகும்போது பாதிப் பயம் போய்விடும்.

பலவீனம் பயிற்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. இறந்த காலத்துக்கான பாடத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பும்போது, விடை இறந்த காலம்தான் என்பது பாடத் தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. வினைச்சொல்லின் வடிவத்தை மட்டும் நினைவுபடுத்தினால் போதும். எந்தக் காலம் வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலையே இல்லை. சார்ட்டுக்கு மேலே அப்படித் தலைப்பு இருக்காது. ஒரு படத்தில் 2000 முதல் 2020 வரை இருக்கும். இன்னொன்றில் ஆண்டே இருக்காது. மூன்றாவது 2050 வரை நீளும். முதலாவதுக்கு இறந்த காலம், இரண்டாவதுக்கு நிகழ்காலம், மூன்றாவதின் கடைசிப் பகுதிக்கு 'இஸ் ப்ரொஜெக்டெட் டு' போன்ற கணிப்பு நடை. இதைத் தீர்மானிக்கும் திறமைதான் தேர்வில் சோதிக்கப்படுகிறது. பாடத்துக்குப் பாடம் நூற்றுக்கு நூறு வாங்கியவர் சார்ட் முன்னால் திணறுவதற்குக் காரணம் இதுதான். அவருக்கு ஆங்கிலம் வராது என்று பொருளில்லை; முடிவெடுக்கும் பயிற்சி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இன்னொன்று, சார்ட்டை விவரிக்க உண்மையில் தேவைப்படும் இலக்கணம் கைக்குள் அடங்கிவிடும். நான்கைந்து காலங்கள், சில முன்னிடைச் சொற்கள், ஒப்பீட்டு வடிவங்கள், எண்ணிக்கையோடு வரும் ஒருமை பன்மை, 'வைல்', 'விச்' போன்ற இணைப்புச் சொற்கள். நிபந்தனை வாக்கியங்களும் நேர்க்கூற்று அயற்கூற்று மாற்றங்களும் இதில் அநேகமாக வரவே வராது.

தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதப்பட்ட புத்தகம் தமிழரின் தப்பை முன்கூட்டியே அறியாது. நமக்கு நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் 'உயர்ந்துள்ளது'. செய்தித் தமிழில் 'எண்ணிக்கை 2015-ல் 300 ஆக உயர்ந்துள்ளது' என்று எழுதினால் நம் காதுக்கு உறுத்தாது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஹேஸ் ரிசன் டு 300 இன் 2015' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் இதை ஏற்காது. முடிந்துபோன ஓர் ஆண்டைச் சுட்டிவிட்டால் 'ரோஸ்' மட்டும்தான். 'ஹேஸ் ரிசன்' வர வேண்டுமென்றால் இன்றுவரை நீளும் காலம் வேண்டும். 'சின்ஸ் 2010' என்பதுபோல. வாக்கியத்தில் 'சின்ஸ்' இல்லாமல் முடிந்த ஆண்டு ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 'ஹேஸ் ரிசன்' என்பதை அடித்து 'ரோஸ்' போடுவது என்ற ஒரே பழக்கம் நிறையத் தப்புகளைத் துடைத்துவிடும்.

அடுத்தது 'ஆக'. இங்கே தமிழ் நமக்கு நண்பன். '300 ஆக உயர்ந்தது' என்றால் போய்ச் சேர்ந்த இடம். '100 உயர்ந்தது' என்றால் கூடிய அளவு. தமிழில் 'ஆக' வந்தால் ஆங்கிலத்தில் 'டு'. 'ஆக' இல்லாமல் வெறும் எண் வந்தால் 'பை'. 'இலிருந்து' வந்தால் 'ஃப்ரம்'. வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக மாற்றும்போது மட்டும் கவனம் தேவை. 'ரோஸ் பை 100' என்பது 'ஏ ரைஸ் ஆஃப் 100' ஆகிவிடும். எதில் உயர்வு என்பதைச் சொல்ல 'இன்' வரும். 'ஏ ரைஸ் ஆஃப் 100 இன் த நம்பர் ஆஃப் விசிட்டர்ஸ்.' அளவுக்கு 'ஆஃப்', பொருளுக்கு 'இன்' என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இங்கே அப்படியே உதவும். உயர்ந்தது, உயர்த்தியது. சொல் சற்று மாறினால் பொருள் மாறுகிறது. ஆங்கிலத்திலும் 'ரோஸ்' தன்வினை, 'ரெய்ஸ்ட்' பிறவினை. விலை தானாக உயர்ந்தால் 'ரோஸ்'. கடைக்காரர் விலையை உயர்த்தினால் 'ரெய்ஸ்ட்'. தன்வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. ஆகவே 'வாஸ் ரிசன்' என்றோ 'வாஸ் ஃபாலன்' என்றோ எழுத முடியாது. எழுதிய வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'உயர்ந்தது' என்று வந்தால் 'வாஸ்' வேண்டாம்.

'விட' மட்டும் நம்மைக் கவிழ்த்துவிடும். தமிழில் பெயரடை மாறுவதில்லை. 'இதைவிட அது உயரம்' என்றாலே ஒப்பீடு முடிந்தது. ஆங்கிலத்தில் சொல்லும் மாற வேண்டும், 'விட' என்பதற்கான 'தேன்' (than) என்பதும் வர வேண்டும். இரண்டையும் நினைவில் வைக்கும் அவசரத்தில் 'மோர் ஹையர்' என்று இரட்டிப்பாக எழுதிவிடுகிறோம். 'மடங்கு' இன்னும் ஆபத்து. 'இரு மடங்கு' என்பதற்கு 'ட்வைஸ் அஸ் மெனி அஸ்' என்ற ஒரே வடிவத்தை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும். 'மூன்று மடங்கு அதிகம்' என்பது தமிழிலேயே இரண்டு விதமாகப் பொருள்படும். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

தொடக்கத்தில் வந்த 'வாஸ், வேர்' சந்தேகத்துக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 'த நம்பர் ஆஃப் விசிட்டர்ஸ்' என்பதில் எழுவாய் எண்ணிக்கைதான், வந்தவர்கள் இல்லை. எண்ணிக்கை ஒன்றுதானே, ஆகவே 'வாஸ்'. 'ஏ நம்பர் ஆஃப்' என்றால் 'பல' என்று பொருள், அதற்குப் பன்மை. சார்ட்டில் தேவைப்படுவது பெரும்பாலும் 'த'.

சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 40 சதவீதம் 60 சதவீதமானால் கூடியது 20 சதவீதப் புள்ளி. ஆனால் 40-ல் பாதி 20 என்பதால், வளர்ச்சி 50 சதவீதம். '20 பர்சென்ட் உயர்வு' என்று எழுதினால் இலக்கணத்தில் குறை இருக்காது, கணக்கில் பிழை இருக்கும். 'பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்' என்ற சொல்லை இதற்காகவே கற்றுக்கொள்ளலாம்.

மாதிரி விடை வழி

மனப்பாடத்தை நான் இழிவாகப் பார்ப்பவன் அல்ல. சொற்றொடர்கள் நாக்கில் பதிய மனப்பாடம் நல்ல வழி. ஆனால் முழு விடையையும் மனப்பாடம் செய்வதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, மாதிரி விடையின் காலமும் சொற்களும் அந்த மாதிரிப் படத்துக்காகப் பிறந்தவை. மாதிரியில் விலை அதலபாதாளத்துக்குப் போயிருக்கும், அங்கே 'பிளம்மெட்' என்ற சொல் சரி. நம் சார்ட்டில் 52 என்பது 49 ஆகியிருக்கும். அங்கேயும் 'பிளம்மெட்' எழுதினால், சொல் அழகாக இருந்தும் செய்தி பொய். 'ஃபெல் ஸ்லைட்லி' என்ற எளிய சொல்லே அங்கே சரி. இரண்டு, கேள்வித்தாளில் உள்ள வரியை அப்படியே பெயர்த்தெழுதும் பழக்கம் வந்துவிடுகிறது. அப்படி எழுதிய சொற்களை மதிப்பீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மாதிரி விடையை வேறு விதமாகப் பயன்படுத்தினால் அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் எழுத்து நடையைக் கற்றுக்கொண்ட முறை இது: நல்ல கட்டுரை ஒன்றைப் படிப்பார், ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார், சில நாள் அதைத் தொடாமல் இருப்பார். பிறகு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தன் சொற்களில் கட்டுரையை மறுபடி எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறைகளைக் கண்டுபிடிப்பார்.

சார்ட் எழுதுபவருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. குறிப்பு எழுத வேண்டிய வேலையே இல்லை; சார்ட்டே குறிப்பு. மாதிரி விடையைக் கவனமாகப் படியுங்கள், மூடுங்கள், இரண்டு நாள் கழித்து சார்ட்டை மட்டும் பார்த்து எழுதுங்கள், பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 'வாஸ் இன்கிரீஸ்ட்' என்று எழுதிய இடத்தில் அங்கே 'இன்கிரீஸ்ட்' என்று மட்டும் இருப்பது கண்ணில் படும். இப்படி ஒருமுறை தானே கண்டுபிடித்த வேறுபாடு, பத்து முறை படித்த விதியைவிட நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் 1786-ல் புத்தகமாக வெளியிட்டவர் வில்லியம் பிளேஃபேர். நீண்ட எண் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்ளும் சிரமத்தை ஒரே பார்வையில் தீர்ப்பதுதான் அவருடைய நோக்கம். சார்ட்டை விவரிப்பவர் இதைத் திருப்பிச் செய்கிறார்: ஒரே பார்வையில் தெரிந்ததை மறுபடி சொற்களாக்குகிறார். அந்த ஒரே பார்வையில் என்ன தெரிந்ததோ அதுதான் ஓவர்வியூ எனப்படும் தொகுப்பு வாக்கியம். தெளிவான ஓவர்வியூ இல்லாத விடைக்கு, கேட்டதைச் சொன்னீர்களா என்ற அளவுகோலில் பேண்ட் 7 (ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணில் 9-க்கு 7) கிடைப்பது கடினம். எல்லா எண்களையும் ஒப்பிப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

நேராக எழுதும் வழி

மொழியைக் கேட்பதும் படிப்பதும் மட்டும் போதாது, உற்பத்தி செய்யும்போதுதான் நம் ஓட்டைகள் நமக்கே தெரியவரும் என்று 1985-ல் வாதிட்டவர் கனடாவைச் சேர்ந்த மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன். அங்கே பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு வழியாகவே பாடம் படித்த பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் நன்றாக இருந்தும் இலக்கணத்தில் பின்தங்கியிருந்ததைப் பார்த்து அவர் வந்த முடிவு அது. சார்ட் எழுதும்போது இது கண்கூடாகத் தெரியும். எழுத முடியாமல் பேனா நிற்கும் இடம்தான் அன்று படிக்க வேண்டிய இலக்கணப் பக்கம். புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதைவிட, பேனா நின்ற இடத்துக்கான பக்கத்தை மட்டும் திறப்பவர் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வேலையை முடித்துவிடுவார் என்பது என் எண்ணம்.

இந்த வழியில் ஒரு பெரும் ஆபத்தும் இருக்கிறது. திருத்த ஆளில்லாமல் தினமும் எழுதினால் தப்பும் தினமும் பழகும். ஐம்பது முறை 'வாஸ் ரிசன்' எழுதிய கைக்கு அதுதான் சரி என்று தோன்றிவிடும்.

திருத்தம் என்றால் எப்படி என்பதிலும் அறிஞர்களிடையே சண்டை உண்டு. இலக்கணத் திருத்தம் மாணவர் எழுத்துக்கு உதவுவதே இல்லை, அதைக் கைவிட வேண்டும் என்று 1996-ல் ஜான் ட்ரஸ்காட் எழுதினார். அது அவசரமான முடிவு என்று 1999-ல் டேனா ஃபெர்ரிஸ் மறுத்தார். இதில் நான் எடுத்துக்கொண்ட பாடம், எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவதில் பயனில்லை என்பது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வகைத் தப்பை மட்டும் பார்ப்பது, திருத்திய பிறகு அதே சார்ட்டை மறுபடி எழுதுவது. இவை பலன் தருகின்றன. திருத்தத்தை வாசித்துவிட்டுத் தாளை மூடிவைப்பது வீண்.

திருத்துபவர் யார் என்பதும் ஒரு முடிவுதான். கணினி இலக்கணத் திருத்திகள் எழுத்துப் பிழையையும் ஒருமை பன்மையையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 200 என்பது 300 ஆனதற்கு 'ரோஸ் பை 300' என்று எழுதினால் அவை பேசாமல் இருந்துவிடும். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லை. சார்ட்டைப் பார்த்தால்தான் பிழை தெரியும், திருத்தியோ சார்ட்டைப் பார்ப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் எண்களையும் சேர்த்துக் கொடுத்தால் இதையும் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் 'திருத்து' என்று மட்டும் கேட்டால் முழுவதையும் தானே அழகாக எழுதித் தந்துவிடும். படிக்க நன்றாக இருக்கும், நமக்கு ஒன்றும் வராது. 'மாற்றி எழுத வேண்டாம், காலம் தப்பான இடங்களை மட்டும் காட்டு' என்று கேளுங்கள். காட்டியது சரிதானா என்று இலக்கணப் புத்தகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தால் இவை எல்லாவற்றுக்கும் மேல். 'இங்கே என்ன சொல்ல வந்தாய்?' என்ற அவருடைய ஒரு கேள்வியில் சிக்கல் எங்கே என்று நமக்கே பிடிபட்டுவிடும்.

எழுதுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதும் இதே வழியின் கிளைதான். ஐஇஎல்டிஎஸ் போன்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வான பிடிஇ அகாடமிக்கில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு: படத்தை 25 விநாடி பார்த்துவிட்டு 40 விநாடி பேச வேண்டும். அந்தத் தேர்வு எழுதாதவரும் இந்தப் பயிற்சியைக் கடன் வாங்கலாம். 40 விநாடியில் எல்லா எண்ணையும் சொல்ல முடியாது. எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

யார் எதை எடுக்கலாம்

'வென்ட், கான்' போன்ற வினை வடிவங்களிலேயே இன்னும் தடுமாறுகிறவர் என்றால் நான் மேலே சொன்னதை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இலக்கணப் புத்தகத்துக்குப் போகலாம். அவருக்கு சார்ட் முன்னால் உட்காருவது மனச்சோர்வு மட்டுமே தரும். காலங்கள், ஒருமை பன்மை, முன்னிடைச் சொற்கள் என்ற மூன்று பகுதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். முழுப் புத்தகத்தையும் முடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

அடிப்படை வாக்கியங்களை ஓரளவு சரியாக எழுதுபவருக்கு இரண்டு மூன்று மாதம் கையில் இருந்தால், சார்ட் வழிதான் என் சிபாரிசு. ஒரே சார்ட்டை முதல் நாள் வாயால் சொல்லுங்கள், மறுநாள் எழுதுங்கள், திருத்துங்கள், சில நாள் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். பத்து சார்ட்டை ஒவ்வொரு முறை எழுதுவதைவிட மூன்று சார்ட்டை மூன்று முறை எழுதுபவருக்குத் தன் தப்புகளின் பட்டியல் தெளிவாகக் கிடைக்கும். அந்தப் பட்டியல் அநேகமாக ஐந்தாறு வரிகளைத் தாண்டாது.

ஆங்கிலம் சரளமாக வருபவருக்கு இலக்கணப் பயிற்சி தேவையே இல்லை. அவர் நேரத்தை ஓவர்வியூவுக்கும், எண்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுப்பதற்கும் செலவிடட்டும். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ட்ரெய்னிங் எழுதுபவர்களுக்கு முதல் கேள்வி கடிதம்தான், சார்ட் வராது. பதிவு செய்யும்போதே எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் புது இலக்கணம் எதையும் தொட வேண்டாம். பிராங்க்ளின் முறையில் ஒரு கோட்டுப் படம், ஒரு பட்டைப் படம், ஒரு அட்டவணை. மூன்றுக்கும் மாதிரி விடையைப் படித்து, மூடி, எழுதி, ஒப்பிடுங்கள். கடைசி இரண்டு நாளில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 20 நிமிடத்தில் எழுதிப் பழகுங்கள். அந்த இருபதில் கடைசி மூன்று நிமிடத்தை ஒதுக்கிவையுங்கள். அதில் மூன்றே தேடல்கள்: 'சின்ஸ்' இல்லாத ஆண்டுக்குப் பக்கத்தில் 'ஹேஸ்' இருக்கிறதா, 'பை'யும் 'டு'வும் சார்ட்டோடு ஒத்துப்போகின்றனவா, 'த நம்பர் ஆஃப்' என்பதற்குப் பிறகு 'வாஸ்' வந்திருக்கிறதா.